மணியும் வான் தீவும்

எழுபதுகளில் தூத்துக்குடிப் பிள்ளைகளுக்கு முழுப்பரீட்சை லீவு விட்டால் போக்கிடம் இரண்டுதான். ஒன்று திருச்செந்தூர், இன்னொன்று கடல். எங்கள் வீட்டில் கடல்தான் எப்போதும் ஜெயிக்கும். திரேஸ்புரத்தில் வள்ளம் வைத்திருந்த சிநேகிதர் ஒருவர் அப்பாவுக்கு இருந்தார். சங்கு குளிக்கிற குடும்பம். அம்மாவுக்கு அவர் அண்ணாச்சி, எங்களுக்கு மாமா. கச்சான் காற்று ஓங்குவதற்கு முன்னால் ஒரு நாள், விடியும்போதே அவருடைய வள்ளத்தில் ஏறி வான் தீவுக்குப் போய்விடுவோம். கூடவே மணியும் வரும்.

மணி செவலை நிற நாட்டுநாய். தெருக்குழாயில் தண்ணீர் சொட்டினாலே ஒதுங்கிப் போகும். ஆனால் வள்ளத்தில் ஏறிவிட்டால் அதற்கு அணியத்தில்தான் இடம். பாய் காற்றுப் பிடித்ததும் காதிரண்டும் பின்னால் மடங்க, நான்கு கால்களையும் அகட்டி ஊன்றிக்கொண்டு அலைக்கு அலை சமாளிக்கும். "பாருங்க, தண்டல் கணக்கா நிக்குது" என்பார் மாமா.

தீவில் நல்ல தண்ணீர் கிடையாது. குடத்தில் கொண்டுபோனதை அம்மா முதலில் மணிக்குத்தான் ஒரு கொட்டாங்கச்சியில் ஊற்றிவைப்பாள். பிறகு புளிச்சோறு, அவித்த முட்டை, கடைசியாக மக்ரூன் பொட்டலம். முட்டை வெள்ளையும் முந்திரியும் சீனியும் சேர்ந்த அந்தத் தூத்துக்குடிப் பண்டம் வாயில் வைத்ததும் கரைந்துவிடும். பொட்டலத்தின் அடியில் தங்கும் தூள் மணியின் பங்கு. காகிதம் ஓட்டையாகும் வரை நக்கும்.

வத்தத்தில் கடல் இறங்கும்போது பவளப்பார் தலைகாட்டும். முழங்கால் தண்ணீரில் குனிந்து பார்த்தால் மடிப்பு மடிப்பாக, கிளை கிளையாகப் பவளம். நடுநடுவே விரல் நீள மீன்கள் நீலமும் மஞ்சளுமாகப் புகுந்து புறப்படும். மணி அவற்றைத் துரத்திப் போய்ப் பாதத்தைக் கிழித்துக்கொள்ளும். அம்மா முந்தானையில் ஒரு துண்டு கிழித்து, மஞ்சள் வைத்துக் கட்டிவிடுவாள். திரும்புகிற வழியில் வேறு வள்ளங்களைப் பார்ப்போம். விளிம்பு வரை பவளக்கல் ஏற்றி, இப்போது மூழ்குமோ அப்போது மூழ்குமோ என்று கரைக்குப் போய்க்கொண்டிருக்கும். சுண்ணாம்புக் காளவாய்க்கும் கட்டடத்துக்கும் போகிற கல் அது. அன்றைக்கு அது ஒரு பிழைப்பு. ஊரில் யாரும் அதைத் தப்பாகப் பேசிக் கேட்டதில்லை.

அந்தக் கல்தான் தீவைக் காத்து நின்ற சுவர். பார் இருக்கிறவரை அலை அதில் மோதி உடைந்து, பலமிழந்துதான் கரையைத் தொடும். கல்லை எடுத்துவிட்டால் அலை நேராக வந்து மணலை அள்ளிக்கொண்டு போகும். 1986-இல் ராமேஸ்வரம் முதல் தூத்துக்குடி வரையுள்ள 21 தீவுகளையும் சேர்த்து மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா என்று அறிவித்தார்கள். அப்போது வான் தீவின் பரப்பு 16 ஹெக்டேர். 2014 வாக்கில் மிஞ்சியது சுமார் 2 ஹெக்டேர். இதே தீவுக்கூட்டத்தைச் சேர்ந்த விலாங்குச்சல்லி கடலுக்குள்ளேயே போய்விட்டது. கீழக்கரைப் பக்கம் பூவரசன்பட்டிக்கும் அதே கதி. பவளத்தை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சேர்த்தது 2001-இல்தான். இருபது வருஷம் முந்திச் சேர்த்திருக்கலாம் என்கிற ஆற்றாமை எனக்கு இன்னும் தீரவில்லை. கல்லெடுப்பு நின்ற பிறகும், கடல் சூடேறி 2010-இலும் 2016-இலும் பவளம் வெளுத்துப் போனது.

என் தம்பி பேரன் சென்னையில் லாப்ரடார் வளர்க்கிறான். பொங்கலுக்கு அதையும் காரில் ஏற்றிக் கூட்டி வந்தவன், வந்த கையோடு "தாத்தா, நீங்க மணியைக் கூட்டிட்டுப் போன தீவுக்கு நாமளும் போலாம்" என்றான். வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே யாரும் கால் வைக்க முடியாது, நாயைப் பற்றிப் பேச்சே வேண்டாம் என்றேன். பிள்ளைக்கு முகம் சுண்டிவிட்டது. ஆனாலும் இந்தத் தடை எனக்குப் பிடித்திருக்கிறது. அந்தச் சின்ன மணல்மேட்டில் பறவைக்கும் ஆமைக்குமே இடம் போதாது. துறைமுகத்தை ஒட்டிய முயல் தீவுக்குக் காரிலேயே போய்விடலாம் என்பதால் அங்கே அழைத்துப் போனோம். காணும் பொங்கல் கூட்டத்தில் லாப்ரடார் ஆசை தீரக் கடலில் விழுந்து எழுந்தது.

வான் தீவை அப்படியே கைவிட்டுவிடவில்லை. 2015-16-இல் அதன் கடலை நோக்கிய பக்கத்தில், அலையின் வேகத்தைக் குறைப்பதற்காகத் துளைகள் வைத்த கான்கிரீட் செயற்கைப் பாறைகளை இறக்கினார்கள். அந்த வேலையைச் செய்தவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுவேன். மாமாவின் மகன் இன்றைக்கும் அந்தப் பக்கம் சங்குக்கு முங்குகிறார். "கல்லு போட்ட பெறவு அங்க மீன் ஒதுங்குது அண்ணாச்சி, கண்ணால பாக்கேன்" என்றார். அடுத்த லீவுக்குப் பேரனை மட்டும் வரச் சொல்லியிருக்கிறேன். தீவில் இறங்காமல், தள்ளி நின்றே வள்ளத்திலிருந்து காட்டித் தருவதாக அவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்.