பர்வதமலை ஏறுவோர் இலக்கணம்

ஆன்ம வலு என்பது யாது, அது எத்தனை வகைப்படும், அதை எங்கே வைத்து அளப்பது என்னும் மூன்றையும் ஆராய்வது இந்நூல்.

முதல் வினாவில் உலகச் சான்றோரே தடுமாறியிருக்கிறார்கள். உடல், உள்ளம், சமூக வாழ்வு மூன்றும் நன்றாயிருப்பதே ஆரோக்கியம் என்று 1946இல் உலக சுகாதார நிறுவனத்தின் சாசனம் வகுத்தது. ஆன்மிகத்தையும் சேர்க்கலாம் என்று 1998இல் அதன் நிர்வாகக் குழு பரிந்துரைத்தது. அந்தச் சொல் இன்னும் உள்ளே வந்தபாடில்லை. அமெரிக்க ராணுவமோ 2020இல் வெளியிட்ட கையேட்டில் உணவு, உறக்கத்தோடு ஆன்மிகத்துக்கும் இடம் கொடுத்துவிட்டது. சண்டைக்குப் போகிறவர்களுக்கு அவசரம் இருக்காதா?

அளக்கும் இடத்தில் சந்தேகமே இல்லை. ஜவ்வாது மலைத்தொடரை ஒட்டி, கலசபாக்கத்துக்கு அருகே, சுமார் 4,560 அடி உயரத்தில் நிற்கிறது பர்வதமலை. உச்சியில் மல்லிகார்ஜுனரும் பிரமராம்பிகையும். கடலாடி வழியாகவும் ஏறலாம், தென்மகாதேவமங்கலம் வழியாகவும் ஏறலாம். கல்லும் வேருமாகக் காட்டுப் பாதை. அதற்கு மேல் செங்குத்துப் பாறையில் அறைந்த கடப்பாறைகள், பிடித்துக்கொள்ளச் சங்கிலி. பௌர்ணமிக் கூட்டமென்றால் முன்னால் ஏறுகிறவரின் குதிகால்தான் தெரியும் காட்சி.

ஏறுவோர் நால்வகையர். நேர்ந்துகொண்டவர், டாக்டர் நடக்கச் சொன்னவர், படம் பிடிக்க வந்தவர், தாய்மாமனால் இழுத்து வரப்பட்டவர். இவர்களுள் மூன்றாமவர் கடப்பாறைப் படியில் போனைப் பைக்குள் வைத்ததும் வேறொரு வகைக்கு மாறிவிடுவார் என்பதால் அவரைப் பற்றி விரிக்கவில்லை. இரண்டாமவர் கைக்கடிகாரத்தில் காலடிகளை எண்ணுவார். பாதி மலையில் எண்ணுவதை விட்டுவிட்டு "நமசிவாய" என்பார். இதைப் பக்தி என்று மட்டும் கொள்ளற்க. மந்திரம் ஓதும்போதும் ஜெபமாலை சொல்லும்போதும் மூச்சு நிமிடத்துக்கு ஆறு என்ற அளவுக்கு இறங்குவதையும், இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஓர் ஒழுங்குக்கு வருவதையும் இத்தாலிய மருத்துவர் பெர்னார்டியும் குழுவினரும் 2001இல் பதிவு செய்தார்கள். அவர்கள் சோதித்தது மலை ஏறாமல் ஓதியவர்களை. கடப்பாறையைப் பிடித்துக்கொண்டு ஓதுகிறவருக்கு எத்தனை மூச்சு என்று அளக்க இன்னும் எந்த மருத்துவரும் ஏறி வரவில்லை.

ஆயினும் ஏறுகிறவரின் ஆன்ம வலுவை அவர் ஏறும்போது அளப்பது பிழை. இறங்கும்போதே அளக்க வேண்டும். அதற்கான கருவி ஒரு கேள்வி.

"இன்னும் எவ்வளவு தூரம் சாமி?"

(இந்த மலையில் ஏறுபவர், இறங்குபவர், மோர் விற்பவர் எல்லோரும் சாமிதான்.)

விடைகள் மூவகைப்படும். "ரெண்டு மணி நேரமாவது ஆகும்" என்பது கடை; மெய்யே ஆயினும், கேட்டவர் அங்கேயே உட்கார்ந்துவிடுவார். "இதோ வந்துட்டீங்க சாமி, பத்து நிமிஷம்" என்பது இடை. பொய்தான், ஆனால் அந்தப் பொய்யில் இருபது வளைவு ஏறியவர்கள் உண்டு. நின்று, தன் பாட்டிலில் மிச்சமிருக்கும் தண்ணீரைக் கொடுத்து, "அந்த வளைவு தாண்டினா பாறை, அங்கே இடது பக்கமா காலை வைங்க" என்று சொல்லிவிட்டுப் போவது தலை. இதைச் சொல்பவர் பெரும்பாலும் இழுத்து வரப்பட்ட அந்த மருமகன்தான். ஏனென்று இந்நூலுக்கு எட்டவில்லை. மாமன் மேலே வேகமாகப் போய்விடுவதால், கூட வருகிறவர்களோடு பேசிப் பழகிவிடுகிறான் போலும்.

இதற்கு முன்னூல் உண்டு. செங்கத்தை ஆண்ட நன்னனைப் பாடும் மலைபடுகடாம், நவிர மலைக் கடவுளைக் குறிப்பிடுகிறது. நவிர மலை இந்தப் பர்வதமலையே என்பர். அதுவோ ஆற்றுப்படை: போய்ப் பரிசு பெற்றுத் திரும்புகிறவன், எதிரே வருகிற கூத்தர்களுக்கு வழியும், வழியிலுள்ள ஆபத்துகளும், எங்கே சோறு கிடைக்கும் என்பதும் சொல்வது. அதைப் பாடிய பெருங்கௌசிகனாருக்கு 583 அடிகள் தேவைப்பட்டன. மூச்சு வாங்கும் மருமகனுக்கு ஓரடி போதும், இலக்கணம் ஒன்றே.

புறனடை: இதய நோயும் மூட்டு வலியும் உள்ளவர்கள் டாக்டரிடம் கேட்டுவிட்டு ஏறுங்கள், சங்கிலிப் பாறையில் நெஞ்சு வலித்தால் கைத்தாங்கலாக இறக்குவதற்குக்கூட இடமில்லை. தண்ணீரைக் கூடுதலாகக் கொண்டு போங்கள். காலி பாட்டிலைத் திரும்பக் கொண்டு வாருங்கள்.