சும்மாயிருப்பு இயல்: கணினி ஒலியட்டை பற்றிய ஓர் ஆராய்ச்சி

ஓசை இல்வழியும் உண்ணும் அட்டை;
உண்டவை யெல்லாம் வெம்மை யாகும்.

இச்சூத்திரம் என் நுதலிற்றோ எனின், பாட்டும் பேச்சும் இன்றிக் கணினிக்குள் கிடக்கும் சவுண்ட் கார்டு, கிடந்தபடியே மின்சாரம் உண்ணுமாறும் சூடாகுமாறும் உணர்த்துதல் நுதலிற்று. சூத்திரத்தை இக்கட்டுரையாளரே இயற்றியதால் பாடபேதம் இல்லை.

'உண்டவை யெல்லாம்' என்றது என்னை? மின்விசிறி உண்டால் காற்று வரும். விளக்கு உண்டால் வெளிச்சம் வரும். சும்மா இருக்கும் அட்டையோ வேறொன்றும் தராது. ஆகவே 8 வாட் உண்டால் 8 வாட்டும் வெப்பமே. வீணாக்குவதில் இத்தனை நேர்மையான கருவி வேறில்லை. (8 என்பது எடுத்துக்காட்டுக்காகக் கொண்ட எண். கணினியில் அட்டைகளைச் செருகுவதற்கான பிசிஐ விதி ஓர் அட்டைக்கு 25 வாட் வரை அனுமதிப்பதால் இது அவதூறு ஆகாது.)

ஓசையே இல்லாதபோது வேலை ஏது, வேலை இல்லாதபோது உணவு ஏது என்பார்க்கு விடை: மௌனமும் வேலையே. கணினியில் மௌனம் என்பது பூஜ்யங்களின் வரிசை. ஒலியோட்டம் திறந்தே இருந்தால், நொடிக்கு 48,000 மாதிரி என்ற கணக்கில், ஒரு சேனலுக்கு ஒரு நாளில் 414 கோடியே 72 லட்சம் பூஜ்யங்களை அட்டை தவறாமல் ஒப்பிக்க வேண்டும். ஓட்டத்தை மூடினாலும் சிப்பின் கடிகாரத் துடிப்பு தானாக நிற்பதில்லை. துடிப்புதோறும் நுண் மின்தேக்கங்கள் நிரம்பி வடியும். துடிப்பையும் நிறுத்தினால்? டிரான்சிஸ்டர்கள் கசியும். சும்மா இருப்பது அரிது என்று தாயுமானவர் பாடியது மனத்தைப் பற்றித்தான். சிலிக்கானுக்கும் அது பொருந்துகிறது.

சில அட்டைகள் விரும்பிச் சும்மா இருப்பவை அல்ல. சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம் 2005இல் சவுண்ட் பிளாஸ்டர் எக்ஸ்-ஃபை என்ற அட்டையைக் கொண்டுவந்தது. சிப்பில் 5 கோடியே 10 லட்சம் டிரான்சிஸ்டர்கள். விளையாட்டில் குண்டு எந்தத் திசையில் வெடிக்கிறது என்று கணக்கிடுவதே அதன் பிறவிப்பயன். 2007இல் விண்டோஸ் விஸ்டா வந்தது. விளையாட்டுகள் டைரக்ட்சவுண்ட் என்ற மென்பொருள் வழியாக அட்டையின் வன்பொருளை நேரடியாகத் தொடும் பாதையை அது அடைத்தது. ஓபன்ஏஎல் என்ற வேறு வழியில் வந்த விளையாட்டுகள் தப்பின. மற்றவற்றுக்காகக் கிரியேட்டிவ் தனியாக ஒரு மென்பொருளை எழுதிச் சுற்றுவழி அமைக்க வேண்டியதாயிற்று. பட்டம் பெற்ற இரண்டே வருடத்தில் துறையைக் கலைத்துவிட்டால் பேராசிரியர் என்ன செய்வார்? சம்பளம் வாங்கிக்கொண்டு அமர்ந்திருப்பார். அட்டையும் அமர்ந்திருந்தது.

உறங்க வைத்தால் என்ன என்பார் உளர். வைக்கலாம், ஆனால் மின்சாரத்தை அறுக்கும்போதும் மீட்கும்போதும் வெளியீட்டு மின்னழுத்தம் துள்ளி, ஸ்பீக்கரில் 'டப்' என்று கேட்கும். லினக்ஸில் ஒலிச் சிப்பைச் சில நொடிகளில் தூங்கவைக்கும் வசதி உண்டு. அந்த 'டப்' பொறாமல் அதை அணைத்து வைப்போரும் நிறைய உண்டு. அதாவது, சத்தம் வராதிருக்கச் சத்தம் போடும் கருவி இரவெல்லாம் விழித்திருக்கிறது. விண்டோஸில் நிலைமை இன்னும் மேல்: ஒலியோட்டம் ஒன்று திறந்திருந்தால், அட்டை தான் விழித்திருப்பதோடு நில்லாமல் மொத்தக் கணினியையும் தூங்கவிடாது.

இனிக் கணக்கு. 8 வாட் அட்டைக்கு, 80 சதவீதத் திறனுள்ள பவர் சப்ளை வழியே, சுவரில் 10 வாட் இழுக்கப்படும். ஆண்டு முழுதும் கணினி ஓடினால் 87.6 யூனிட். ஏசி அறையானால் அந்தச் சூட்டை வெளியேற்ற ஏசி தன் பங்குக்குத் தனியே உண்ணும். அதைக் கணக்கில் சேர்க்கவில்லை, மனசாட்சிக்காக.

பெருங்கேடு ஒலிப்பதிவுக் கூடத்தில். அங்கே எதிரொலி முதலிய வேலைகளுக்கென்றே ஷார்க் போன்ற கணக்கிடும் சிப்புகள் நாலும் எட்டும் பதித்த அட்டைகள் இருக்கும். அட்டை சூடானால் பெட்டிக்குள் சூடு ஏறும். சூடு ஏறினால் ஃபேன் வேகமெடுக்கும். ஃபேன் இரைந்தால் மைக் கேட்கும். மைக் கேட்ட இரைச்சலை நீக்கப் பொறியாளர் இன்னொரு பிளகினைப் போடுவார். அது அட்டையில் ஓடும். இச்சுழலுக்கு முடிவு நூலாசிரியர்க்கும் புலப்படவில்லை.

மதர்போர்டோடு வரும் ஒலிச் சிப்பு வைத்திருப்போர் அஞ்ச வேண்டாம். அதன் பசி மிகச் சிறிது. தனி அட்டை போட்டுவிட்டு மறந்தவர்களுக்கு மட்டும் ஒரு சொல்: டிவைஸ் மேனேஜரில் 'முடக்கு' என்று சொடுக்கினால் அட்டையின் படத்தின் மேல் ஓர் அம்புக்குறிதான் விழும், பல அட்டைகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பெட்டியைத் திறந்து, ஒரு திருகைக் கழற்றி, அட்டையை வெளியே எடுத்து வையுங்கள்.