சொந்த வாகன யோகம்

சென்னையில் சொந்தக் கார் வைத்திருப்பவர் பாக்கியசாலி என்பதில் எனக்கு ஆட்சேபமில்லை. ஏனெனில் மாலை ஆறு மணிக்கு அண்ணா சாலையில், கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, குளிர்சாதனத்தின் அனுக்கிரகத்தில், முன்னால் நிற்கும் வண்டியின் எண் பலகையை மந்திரம்போல் மனனம் செய்துகொண்டிருக்கும் ஏகாந்தம், பேருந்தில் பிறர் முழங்கை விலாவில் பதிய நின்று, சில்லறைக்காக நடத்துநரிடம் அர்ச்சனை பெறும் சாமானியனுக்கு ஒருநாளும் சித்திப்பதில்லை. இருவரும் ஊர்வது என்னவோ ஒரே வேகத்தில்தான். ஆனால் சாமானியன் இறங்கியதும் தன் வழியே நடந்துவிடுகிறான். கார்க்காரரோ தியாகராய நகரை அடைந்த பிறகுதான் யாத்திரையின் உத்தரகாண்டத்தைத் தொடங்கி, பாண்டி பஜாரைப் பிரதட்சணம் செய்து, ஒவ்வொரு சந்திலும் இடம் யாசித்து, முடிவில் எங்கோ ஒரு மரத்தடியில் வண்டியை விட்டுவிட்டு, அங்கிருந்து கடைக்கு ஆட்டோ பிடிக்கிறார்.

இத்தனைக்கும், 1895-இலேயே மின்சார டிராம் ஓட்டிய பட்டணம் இது; 1953-இல் அதற்கு விடைகொடுத்துவிட்டு, 2015-இல் மெட்ரோ ரயிலைக் கோலாகலமாக வரவேற்றது. 1931 முதல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே ஓடும் மின்சார ரயிலை யாரும் அவ்வளவாகப் பாராட்டுவதில்லை. பழகிய உபகாரத்துக்கு மாலை மரியாதை ஏது?

மெட்ரோவின் பரம பக்தர்கள் கார்க்காரர்களே என்பது என் சித்தாந்தம். ஊரார் அனைவரும் அதில் ஏறிப் போய்விட்டால், சாலை முழுவதும் தமக்கே மிஞ்சும் என்று அவர்கள் மனப்பூர்வமாக நம்புகிறார்கள்.