கோழிக்கூட்டுக் கதவு

2022 ஜூலையில் மகளைப் பார்க்க மெல்பேர்னுக்கு விமானம் ஏறினேன். மெல்பேர்ன் நமக்குத் தென்கிழக்கே. விமானமோ கட்டுநாயக்கவில் கிளம்பி வடமேற்கே திரும்பியது. ஒரு மணித்தியாலம்கூட ஆகவில்லை, கீழே தென்னந்தோப்பும் கடற்கரையும் தெரிந்தன. பக்கத்து ஆசனக்காரர், “என்ன, திரும்பவும் நீர்கொழும்புக்கே வந்திட்டமா?” என்று பதறினார்.

திருவனந்தபுரம். எண்ணெய் போட வந்திருக்கிறோம்.

கட்டுநாயக்கவில் விமானத்துக்கு ஊற்ற எண்ணெய் இல்லை. அந்தக் கோடையில் கொழும்பிலிருந்து புறப்பட்ட விமானங்கள் நூற்றுக்கும் மேலே இப்படித் திருவனந்தபுரத்திலும் கொச்சியிலும் இறங்கித் தாகம் தீர்த்துக்கொண்டு போயின. சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பக்கத்து வீட்டில் பம்ப் இரவல் வாங்குவது போல.

“எரிபொருள் நிரப்பி முடியும்வரை ஆசனப் பட்டிகளைக் கழற்றி வையுங்கள்” என்று அறிவித்தார்கள். பக்கத்து ஆசனக்காரருக்கு மறுபடியும் பயம். “கழற்றச் சொல்றாங்களே ஐயா, இறக்கி விடப் போறாங்களோ?”

“இல்லை. நெருப்புப் பிடிச்சா எழும்பி ஓட வசதியாக” என்றேன். அவருக்கு ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை.

எனக்கு அந்த விதியைச் சொல்லித் தந்தவர் பெரியப்பா. கட்டுநாயக்கவில் விமானங்களுக்கு எண்ணெய் போடும் பவுசரில் அவருக்கு வேலை. நீர்கொழும்பில் எங்கள் வீட்டுக்குள் அவர் வருவதற்கு முன்பே அவருடைய மணம் வந்துவிடும். “ஜெட்டுக்கு ஊத்துறதும் மண்ணெண்ணெய்தான்டா, கொஞ்சம் படிச்ச மண்ணெண்ணெய்” என்பார்.

அந்த வேலையை ஒரு பூசை போலச் செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. பவுசரை நிறுத்தியதும் முதலில் எர்த் வயரை எடுத்து விமானத்தில் கவ்வ வைக்க வேண்டும். குழாயைத் தொடுவது அதற்குப் பிறகுதான். மின்பொறி ஒன்று தெறித்தால் பூசாரியும் இல்லை, கோயிலும் இல்லை. பிறகு கண்ணாடிச் சாடியில் கொஞ்சம் எண்ணெய் பிடித்து வெளிச்சத்தில் சுற்றிப் பார்க்க வேண்டும். அடியில் தண்ணீர் நிற்கிறதா, தூசி சுழல்கிறதா? கடைசியாகச் சிரிஞ்சு. அதன் நுனியில் சின்ன மூடி போல ஒன்றைச் செருகி எண்ணெயை உறிஞ்சுவார்கள். மூடிக்குள் மஞ்சள் நிறத்தில் ஒரு வட்டம். கண்ணுக்குத் தெரியாத தண்ணீர் இருந்தால் அது பச்சையாகும். பாவித்து எறிந்த மூடிகளைப் பெரியப்பா எனக்குக் கொண்டுவந்து தருவார். நான் கிணற்றடியில் நனைத்துப் பச்சையாக்கி, “பெரியப்பா, பிளேன் விழப்போகுது!” என்று கத்துவேன்.

அந்த மூடியைக் கண்டுபிடித்தது ஷெல் கம்பனி. இதை நினைவில் வையுங்கள், காரணம் இருக்கிறது.

1971இல் எனக்குப் பன்னிரண்டு வயது. ஜனவரி கடைசியில் இந்தியாவின் ‘கங்கா’ என்ற ஃபொக்கர் விமானத்தை ஸ்ரீநகரிலிருந்து லாகூருக்குக் கடத்திக்கொண்டு போய், அங்கேயே எரித்துவிட்டார்கள். பெப்ரவரி 4ஆம் திகதி இந்தியா தன் வான்வெளியைப் பாகிஸ்தான் விமானங்களுக்கு மூடியது. கராச்சியிலிருந்து கிழக்குப் பாகிஸ்தானின் டாக்காவுக்கு இந்தியாவுக்கு மேலாக நேரே பறந்தவர்கள், இப்போது குமரிமுனையைச் சுற்றி வர வேண்டும். தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்கு. இடையில் எண்ணெய் போட இருந்தது ஒரே பந்தல், கட்டுநாயக்க.

மார்ச் 25ஆம் திகதி இரவு டாக்காவில் பாகிஸ்தான் படை வங்காளிகளைச் சுடத் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும், கட்டுநாயக்கவில் இறங்கிய பாகிஸ்தான் போயிங்குகளில் வருவது பயணிகளா, சாதாரண உடுப்புப் போட்ட சிப்பாய்களா என்பதுதான் சண்டை. இந்தியா சிப்பாய்கள் என்றது. இவை சிவில் விமானங்கள், இறங்கி எண்ணெய் போட அவற்றுக்கு உரிமை உண்டு என்றது ஸ்ரீமாவோ அம்மையாரின் அரசாங்கம். பெரியப்பாவிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார், எங்களிடம் சொன்னார்.

“எல்லாருக்கும் ஒரே வயசு. ஒரே தலைவெட்டு. ஒரே சப்பாத்து. ஒரு பொம்பிளை இல்லை, ஒரு குழந்தை அழுற சத்தம் இல்லை. இப்படி ஒரு கலியாண வீட்டுக் கூட்டத்தை நான் கண்டதில்லை.”

எதிர்வீட்டு ஆசிரியர் வங்காளிகளின் பக்கம். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, “அண்ணை, நீங்க ஊத்துற எண்ணெயில அங்க ஊர் எரியுது” என்பார். பெரியப்பாவுக்கு முகம் சுருங்கிவிடும். “செட்டுக்கு வாறவன் எங்க போறான் எண்டு கேட்டா பெற்றோல் அடிக்கிறது?” என்று பதில் சொல்வாரே ஒழிய, அன்றைக்குச் சாப்பாட்டில் கை ஓடாது. எனக்கு மட்டும் நாங்கள் பெரிய ஆட்கள் என்ற எண்ணம். இரண்டு பெரிய நாடுகள் அடித்துக்கொள்கின்றன, குழாய் எங்கள் பெரியப்பாவின் கையில்!

இந்தக் குழாய்க்கு அது முதல் சண்டையும் இல்லை. 1954இல் பிரெஞ்சுப் படை டியன் பியன் பூவில் முற்றுகையில் கிடந்தபோது, அவர்களுக்கு உதவியாக ஆட்களை ஏற்றிவந்த அமெரிக்க குளோப்மாஸ்டர்களை இந்தியாவுக்கு மேலே பறக்க நேரு விடவில்லை. சேர் ஜோன் கொத்தலாவல இங்கே இறங்கவிட்டார். இந்தியா கதவைச் சாத்தினால் நாங்கள் யன்னலைத் திறப்போம். அதற்குப் பெயர் அணிசேராக் கொள்கை.

1971 ஏப்ரலில் இன்னும் விசேஷம். ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்தது, அரசாங்கம் கிடைத்த திசையெல்லாம் கை நீட்டியது. இந்தியா கப்பல்களும் ஹெலிகொப்டர்களும் அனுப்பியது. பாகிஸ்தானும் ஹெலிகொப்டர் அனுப்பியது. கட்டுநாயக்கவைக் காவல் காக்க வந்து நின்றவர்கள் யார்? இந்தியச் சிப்பாய்கள். பாகிஸ்தான் போயிங்குகளுக்கு எண்ணெய் கொடுத்த அதே நிலத்துக்கு! ஊரடங்கு நாளில் வேலைக்குப் போன பெரியப்பாவை வாசலில் ஒருவன் மறித்து அவன் பாஷையில் என்னவோ கேட்டானாம். இவர் தமிழில் பதில் சொன்னாராம். கடைசியில் அவன் மூக்கைச் சுளித்துக்கொண்டு உள்ளே விட்டான். எண்ணெய் மணம்தான் பாஸ்.

எண்ணெய் யாருடையது என்பது அதற்கும் முந்திய கதை. ஷெல், எஸ்ஸோ, கல்டெக்ஸ் மூன்றும் நாட்டின் பெற்றோல் வியாபாரத்தைப் பங்கு போட்டு வைத்திருந்தன. 1961இல் பெற்றோலியக் கூட்டுத்தாபனச் சட்டம் வந்தது. அடுத்த வருடம் கம்பனிகளின் செட்டுகளையும் தாங்கிகளையும் எடுக்கத் தொடங்கினார்கள். ரஷ்யாவிலிருந்தும் ருமேனியாவிலிருந்தும் எண்ணெய் வந்தது. நட்டஈடு போதாது என்று 1963 பெப்ரவரியில் அமெரிக்கா உதவியை நிறுத்தியது. தன் கம்பனிகளின் சொத்தை எடுத்த நாட்டுக்கு உதவியை வெட்டும் அந்தச் சட்டத் திருத்தத்தை அவர்கள் முதன்முதலாகப் பாவித்தது எங்கள்மீதுதான். அதிலும் ஒரு பெருமை. 1964இல் உள்ளூர் விற்பனை முழுவதும் கூட்டுத்தாபனத்தின் கைக்கு வந்தது. தனியாரின் ஏகபோகம் ஒழிந்தது, அரசாங்கத்தின் ஏகபோகம் பிறந்தது. பிந்தியதற்கு ‘தேசிய உடைமை’ என்று பெயர் என்பதால் யாரும் அதை ஏகபோகம் என்று சொல்லவில்லை.

அப்போது செட்டுகளில் கழற்றிப் போட்ட எனாமல் பலகை ஒன்றைப் பெரியப்பா சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார். ஷெல்லின் மஞ்சள் சிப்பி போட்ட பலகை. “நல்ல சாமான், துருப்பிடிக்காது” என்று அதைப் பெரியம்மாவின் கோழிக்கூட்டுக்குக் கதவாக்கினார். பெரியம்மா அதற்குப் பச்சைப் பெயின்ற் அடித்துவிட்டாள். அரசியலால் இல்லை; மஞ்சளைக் கண்டு கோழி வெருளுது என்றாள்.

நாட்டில் சிப்பி ஒழிந்தது. பெரியப்பாவின் சிரிஞ்சு நுனியில் மட்டும் மஞ்சள் மூடியாக இருந்துகொண்டே இருந்தது. துரத்திய கம்பனி தந்த மூடிதான் எண்ணெய் சுத்தமா என்று சொல்ல வேண்டும்.

பிறகு நடந்ததை வரிசையாகச் சொன்னால் யாரோ பகிடிக்கு எழுதியது போல இருக்கும். 1995இல் சமையல் எரிவாயுவை அரசாங்கமே கூப்பிட்டு ஷெல்லுக்கு விற்றது, ஐந்து வருட ஏகபோகத்தோடு. 2010இல் திருப்பி வாங்கியது. 2003இல் இந்தியன் ஒயில் வந்து செட்டுகள் திறந்தது. 2022இல் கூட்டுத்தாபனத்தின் செட்டுகள் வறண்டு கிடந்தபோது, எங்கள் ஊரே இந்தியன் ஒயில் செட்டின் முன்னால் பாய் போட்டுப் படுத்தது. நானும் படுத்தேன். முச்சக்கரவண்டிக்குக் கிழமைக்கு ஐந்து லீற்றர், கியூ.ஆர். காட்டினால். அந்த வரிசையில் எனக்கு முன்னால் நின்றவன் எதிர்வீட்டு ஆசிரியரின் மகன். “உங்கட பெரியப்பா இருந்தா ஒரு போத்தல் தந்திருப்பார்” என்றான். தந்திருக்க மாட்டார். சாடியில் மிஞ்சிய எண்ணெயைக்கூட வீட்டு அடுப்புக்குக் கொண்டு வராத மனிதர்.

திருவனந்தபுரத்தில் யன்னலால் எட்டிப் பார்த்தேன். இறக்கைக்குக் கீழே ஒரு பவுசர். பக்கத்தில் வெயில் சுட்டெரிக்கும் தரையில் குந்தியிருந்து, ஒரு பையன் சாடியை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துச் சுற்றிக்கொண்டிருந்தான். எந்தக் கம்பனிச் சட்டை என்று பார்க்க முயன்றேன், இறக்கை மறைத்தது. ஐம்பத்தொரு வருடத்துக்கு முன்னால் பாகிஸ்தான்காரனுக்கு ஊற்றாதே என்று எங்களைத் திட்டிய நாடு, இப்போது எங்களுக்கு ஊற்றுகிறது. நாங்கள் எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை.

2023 ஜூனில் சிப்பி திரும்பி வருவதற்கான ஒப்பந்தம் கையெழுத்தானது, ஓர் அமெரிக்கக் கம்பனியின் கைபிடித்து. சீனாவின் சினோபெக் அதற்குச் சற்று முன்னரே கையெழுத்துப் போட்டிருந்தது. நட்டஈடு கேட்டு உதவியை வெட்டியவர்களும் உதவி கேட்டுக் கடனில் விழுந்தவர்களும் ஒரே மேசையில் சிரித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

பெரியப்பாவும் பெரியம்மாவும் போய் எத்தனையோ வருடம். கோழிகளும் இல்லை, கூடு மட்டும் மூலையில் கிடக்கிறது. போன மாரியில் பச்சைப் பெயின்ற் பொருக்குப் பொருக்காகக் கழன்று, உள்ளே இருந்த மஞ்சள் எட்டிப் பார்த்தது. எனாமல் அல்லவா, ஒரு கீறல் இல்லை. பேரன் அதைத் தண்ணீர் ஊற்றித் தேய்த்துக் கழுவிவிட்டு ஓடிவந்தான்.

“தாத்தா, புது செட்டுக்காரங்கட போர்ட் நம்மட வளவில கிடக்குது. யார் களவெடுத்தது?”

“பெரிய தாத்தா” என்றேன்.