தண்ணீர் நிற்க வேண்டும்

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையேறியது. அத்தோடு ஓய்ந்திருக்கலாம். சேர்வராயன் மலைக்கும் ஒரு நடை வந்து, ஏற்காட்டில் ஒரே நாளில் சுமார் 24 செ.மீ. கொட்டிவிட்டுப் போனது. மலைப்பாதையில் மண்சரிவு. பழுத்த காப்பிப் பழம் செடியடியில்.

அரசு 2,000 ரூபாய் அறிவித்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் இரண்டு நாளுக்கு மேல் மழைநீர் சூழ்ந்த குடும்பங்களுக்கு. நியாயம்தான், அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. ஆனால் ஏற்காட்டு மலைமேல் வெள்ளக்கடை டீக்கடையில் கணக்கே வேறு.

"நம்ம ஊர்ல தண்ணி எங்கண்ணே ரெண்டு நாள் நிக்கும்? ரோட்டையும் இழுத்துக்கிட்டு அது பாட்டுக்குக் கீழ போயிடுது."

"அது நின்னா வீடு நிக்காதுடா தம்பி."

கீழே விழுப்புரம் மாவட்டத்து இருவேல்பட்டில் வெள்ளச் சேதத்தைப் பார்வையிடப் போன அப்போதைய அமைச்சர் பொன்முடி மீது சேறு வீசினார்கள். சென்னையில் த.வெ.க. தலைவர் விஜய், பாதிக்கப்பட்டவர்களைப் பனையூர் கட்சி அலுவலகத்துக்கே வரவழைத்து நிவாரணம் கொடுத்தார். வெள்ளம் வீடு தேடிப் போகும். நிவாரணத்தை நாம்தான் தேடிப் போக வேண்டும் போலிருக்கிறது. 2015-இல் சென்னைக்குப் போன நிவாரணப் பொட்டலங்களில் ஜெயலலிதா படம் ஒட்டியதற்கு இது எவ்வளவோ தேவலை, பசை மிச்சம்.

இங்கே சேற்றுக்குப் பஞ்சமில்லை. பார்வையிட ஆள் வந்தால் போதும்.