அறிகனவு சாதனம்: கம்பம் பள்ளத்தாக்கை முன்னிட்டு ஓர் ஆராய்ச்சி

உறங்குகின்ற ஒருவன், தான் காண்பது கனவுதான் என்பதை அந்தக் கனவு கலையாமலே உணர்ந்துகொண்டு, அதற்குப் பிறகு அதைத் தன் இஷ்டப்படி நடத்திச் செல்வது சாத்தியமா என்னும் கேள்வி, சுருளி அருவியில் குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டு நிற்பவர்களுக்கு இயல்பாகத் தோன்றக்கூடியதன்று. எனக்கு அது தோன்றியது ஆனி மாதத்து இரவு ஒன்றில், முறைத்தண்ணீருக்காக இரண்டு மணிக்கு எழுந்து மண்வெட்டியோடு வயலுக்குச் சென்று, வரப்பில் உட்கார்ந்தபடியே கண்ணயர்ந்து, தண்ணீர் பாய்ந்து முடிந்து மடையை அடைத்துவிட்டதாகக் கனவு கண்டு, அந்தக் கனவை நம்பி வீட்டுக்கு வந்து படுத்துவிட்ட பிறகுதான். மறுநாள் காலையில் பக்கத்து வயல்காரர் என்னிடம் சொன்னவற்றை இங்கே எழுதுவதற்கில்லை. கனவைக் கனவென்று அறியும் வித்தை ஒன்று உலகத்தில் இருக்குமானால் அதைக் கற்றே தீர்வது என்று அன்று உறுதி பூண்டேன்.

முதலில் பெயர். ஆராய்ச்சியாளன் என்பவன் விஷயத்தைத் தொடுவதற்கு முன்னால் அதன் பெயரைப் பற்றிச் சச்சரவிடக் கடமைப்பட்டவன். 'லூசிட் ட்ரீம்' என்று ஆங்கிலத்தார் வழங்குவதற்குத் 'தெளிகனவு' என்று ஒரு நண்பர் மொழிபெயர்ப்புத் தந்தார்; எங்கள் பக்கத்தில் ஒருவன் 'தெளிந்துவிட்டான்' என்றால் முந்தின இரவு குடித்தது இறங்கிவிட்டது என்றே பொருள் கொள்வார்களாகையால் அதைத் தள்ளினேன். 'விழிப்புக் கனவு' என்றார் மற்றொருவர். அது ஏறக்குறையப் பகற்கனவு. பண்ணைப்புரத்தில் இளையராஜாவும் அல்லிநகரத்தில் பாரதிராஜாவும் பிறந்த சீமையில் பகற்கனவு காண்பதற்கு எவருக்கும் சாதனம் தேவையில்லை, காணாத இளைஞன் ஒருவன் இருந்தால் அவனைத்தான் வைத்தியரிடம் காட்ட வேண்டும். ஆகவே 'அறிகனவு' என்னும் சொல்லையே இக்கட்டுரை ஆளுகிறது. றகர ரகர பேதம் பாராட்டாதவர்கள் இதனை ஒரு யானையோடு குழப்பிக்கொள்ள இடமுண்டு. அந்த யானை பின்னால் வருகிறது.

மேல்நாட்டில் இவ்வித்தைக்குச் சாஸ்திர அந்தஸ்துத் தேடியவர்களில் முன்னவர், பதின்மூன்று வயது முதற்கொண்டே தம் கனவுகளை நோட்டுப் புத்தகங்களில் எழுதி வந்து, கனவுகளையும் அவற்றை நடத்தும் உபாயங்களையும் பற்றி 1867-இல் தம் பெயர் போடாமல் ஒரு நூல் வெளியிட்ட பிரெஞ்சுப் பிரபு, எர்வே த சான் தெனி. பிற்காலத்தில் இவர் பாரிஸில் சீன மொழிப் பேராசிரியராகவும் இருந்தார். இவர் பெயரின் முடிவில் எங்கள் ஜில்லாவின் பெயர் ஒலிப்பதை ஆராய்ச்சியாளர் எவரும் கவனித்ததாகத் தெரியவில்லை. நானும் அதிலிருந்து எந்த முடிவுக்கும் வரவில்லை, வர வேண்டுமென்ற ஆசை மட்டும் இருக்கிறது. பிறகு 1913-இல் ஹாலந்து தேசத்து வைத்தியரும் எழுத்தாளருமான ஃப்ரெடரிக் வான் ஈடன், தாம் கண்ட அறிகனவுகள் 352 என்று கணக்கு ஒப்பித்தார். கண்டவரைத் தவிர வேறு சாட்சியில்லாத கணக்கு அது.

சாட்சி கிடைத்தது 1975-இல்தான். கனவு மிகுந்த உறக்கத்தில் கண்கள் மூடிய இமைக்குள் ஓடுகின்றன என்பதும், அப்போது கைகால்கள் கட்டிப்போட்டாற்போல் அசைவற்றுக் கிடக்கின்றன என்பதும் அதற்கு முன்பே தெரிந்திருந்தன. நடு இரவில் பாதி விழித்து, அசைய மாட்டாமல், நெஞ்சின்மேல் ஏதோ உட்கார்ந்திருப்பதாகத் தவித்தவர்கள் இதனை அமுக்குவான் பேய் என்று வெகுகாலமாக அறிந்தே இருக்கிறார்கள். அந்தப் பேய் கண்ணை மட்டும் விட்டுவிடுகிறதே என்று யோசித்த கீத் ஹெர்ன், இங்கிலாந்தின் ஹல் சர்வகலாசாலையில் ஆலன் வர்ஸ்லி என்பவரைத் தூங்க வைத்து, கனவென்று உணர்ந்ததும் கண்களை இடமும் வலமுமாக இத்தனை தரம் ஓட்ட வேண்டுமென்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். அவரும் கனவுக்குள்ளிருந்து அவ்வண்ணமே ஓட்ட, கருவி அதைக் கோடாக வரைந்துவிட்டது. சில ஆண்டுகளில் அமெரிக்காவின் ஸ்டான்போர்டில் ஸ்டீபன் லபெர்ஜும் தனியே இதை நிரூபித்தார். 2021-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்றில், உறங்குகிறவர்களிடம் எட்டிலிருந்து ஆறு போனால் எத்தனை என்பது போன்ற கணக்குகளைக் கேட்டு, கண்ணசைவாலேயே விடையும் பெற்றிருக்கிறார்கள். வகுப்பில் தூங்கியதற்காகப் பெஞ்சின்மேல் நிறுத்தப்பட்ட என் போன்றவர்களுக்கு இந்த நியாயம் சற்றுத் தாமதமாகவே வந்து சேர்ந்தது.

இனி நம்மவர் பக்கம். நனவு, கனவு, உறக்கம் முதலிய அவஸ்தைகளை வகுத்ததோடு நில்லாமல், நனவுக்குள்ளேயே கனவும் உறக்கமும் உண்டு என்று பிரித்துக் காட்டுவது சைவ சித்தாந்தம். நனவில் உறக்கம் என்பதன் லட்சணத்தை அறிய விரும்புகிறவர்கள், பொதுக்கூட்டத்தில் மூன்றாவது பேச்சாளர் எழுந்திருக்கும்போது முன்வரிசையைப் பார்த்தால் போதும். ஆயினும் கனவைப் பற்றித் தமிழர் பெரும்பாலும் கேட்டு வந்த கேள்வி வேறு. கனவை நாம் என்ன செய்யலாம் என்று பிரெஞ்சுப் பிரபு கேட்டார். கனவு நம்மை என்ன செய்யப் போகிறது என்று நாம் கேட்டோம். முதற்சாமத்துக் கனவு ஓராண்டிலும், இரண்டாம் சாமத்தது எட்டு மாதத்திலும், மூன்றாம் சாமத்தது மூன்று மாதத்திலும், கடைச்சாமத்தது பத்து நாளிலும் பலிக்கும் என்று தவணை குறித்து வைத்திருக்கிறது பழைய கனா நூல். கூடலூருக்கு மேலே மலையுச்சியில், சித்திரைப் பௌர்ணமியன்று மட்டும் ஜனங்கள் ஏறிச் சென்று வணங்குகிற மங்கலதேவி கோயிலின் கண்ணகியைப் பாருங்கள். சிலப்பதிகாரத்தில் அவள் தீக்கனவு கண்டாள். தோழி தேவந்தி பரிகாரம் சொன்னாள். அது பெருமையன்று என்று இவள் மறுத்துவிட்டாள். கனவைத் திருத்தி அமைக்கும் யோசனை அங்கே எவருக்கும் வரவில்லை.

சாதன முறைகளில் முதலாவது கனவுக் குறிப்பேடு. விழித்தவுடன், பல் தேய்ப்பதற்கு முன்னால், கண்டதை எழுதிவிட வேண்டும். நான் தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களின் பின்புறத்தில் எழுதினேன். ஆடி மாதத்துத் தாள் ஒன்றில் இவ்வாறு இருக்கிறது: 'போடி போகும் பஸ். கண்டக்டர் என் ஐந்தாம் வகுப்பு வாத்தியார். மீதிச் சில்லறைக்குப் பதிலாக ஏலக்காய் எண்ணித் தருகிறார். ஒன்று குறைகிறது. கேட்கப் பயமாக இருக்கிறது.' இத்தகைய தாள்கள் நாற்பது சேர்ந்தால் திரும்பத் திரும்ப வரும் அடையாளங்கள் புலப்படும் என்றும், அவையே கனவைக் காட்டிக்கொடுக்கும் குறிகள் என்றும் நூல்கள் சொல்லுகின்றன. வெள்ளுடை உடுத்த பெண்கள் வரிசையாக ஓடி வந்தால் அது கனவு என்று பாரதிராஜாவின் படங்களைப் பார்த்து வளர்ந்தவர்களுக்குச் சந்தேகமறத் தெரியும். என் கனவுகளில் வருவதோ பெரும்பாலும் உரக்கடைக்காரர்.

இரண்டாவது முறை நனவுச் சோதனை. கட்டுரையின் சிக்கல் இங்கேதான். பகலில் பலமுறை, 'இது கனவோ?' என்று தன்னையே வினவிச் சோதித்துக்கொள்ளும் வழக்கம் படிந்துவிட்டால், அதே வழக்கம் கனவிலும் தொடர்ந்து உண்மையைக் காட்டிவிடும் என்பது கொள்கை. சோதனைகளுள் ஒன்று சுவிட்சைத் தட்டுவது: கனவில் பெரும்பாலும் விளக்கு எரியாது. இந்த லட்சணத்தை எழுதியவர் எங்கள் கிராமத்தில் ஒரு கோடைகாலம் தங்கியவரல்லர். மற்றொன்று, எழுத்தையோ எண்ணையோ ஒருமுறை படித்து, முகத்தைத் திருப்பி, மீண்டும் படிப்பது: கனவானால் அது மாறியிருக்கும். நான் வேறெதுவும் கையிலில்லாமல் பெரியாற்று அணையின் நீர்மட்டச் செய்தியைப் படித்துச் சோதித்தேன். 1895 முதல் தண்ணீர் தந்துவரும் அவ்வணையில் நீர் தேங்கும் முழு உயரம் 152 அடி. 1979-இல் அது 136 ஆகக் குறைக்கப்பட்டது. 2014-இல் சுப்ரீம் கோர்ட்டு 142 என்றது. அவ்வணையைக் கட்டிய பென்னிகுவிக்கின் படத்தைப் பூஜையறையில் வைத்திருக்கும் ஊர்க்காரன் ஒருவன், எண் மாறினால் கனவு என்ற விதியை வைத்துக்கொண்டு எப்படி விழித்திருப்பது?

'நடக்கவொண்ணாதது நடந்தால் அது கனவு' என்பது எல்லாவற்றிலும் பொதுவான சோதனை. 2023 மே 27 காலையில், சின்னக்கானலில் பிடித்துப் பெரியாற்றுக் காட்டில் விட்டிருந்த அரிக்கொம்பன் என்னும் யானை, கம்பம் நகரத் தெருக்களில் ஓடியது. அரிசி தேடி ரேஷன் கடைகளை உடைப்பதில் பேர்பெற்ற யானை, வீடுகளுக்கும் கடைகளுக்கும் நடுவே, ஆட்டோவை இடித்துக்கொண்டு ஓடுகிறது என்றால், சாஸ்திரப்படி அன்று கம்பத்தார் அனைவரும் தம் விரல்களை எண்ணிப் பார்த்து, கனவென்று துணிந்து, நடுத்தெருவில் நின்றிருக்க வேண்டும். நல்லவேளையாக ஓடினார்கள். அதில் காயமுற்ற ஒருவர் பின்னர் இறந்துபோனார் ஆகையால் இதை இதற்குமேல் வேடிக்கையாக எழுதக் கை வரவில்லை. ஜூன் 5-ஆம் தேதி யானையைப் பிடித்து முண்டந்துறைப் பக்கம் கொண்டுபோனார்கள். என் ஆட்சேபம் இவ்வளவே: நனவு நிலையானது, கனவு நிலையற்றது என்ற அனுமானத்தின்மேல் கட்டிய சோதனைகள், நனவு அடக்கமாக நடந்துகொள்ளும் தேசங்களுக்கே பொருந்தும்.

விரலை எண்ணும் சோதனை மட்டும் தப்பித்தது. கனவில் விரல்கள் கூடுவதும் குறைவதும் சகஜம். நனவில், எவ்வளவு தண்ணீர் வந்தாலும் வராவிட்டாலும், ஐந்துதான்.

மூன்றாவது, லபெர்ஜ் வகுத்த சங்கல்ப முறை. உறக்கம் வரும் தறுவாயில், 'அடுத்த கனவில் இது கனவென்று நினைவு கொள்வேன்' என்று திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டே உறங்குவது. ஜபத்தில் பழக்கமுள்ளவர்களுக்கு விளக்கம் வேண்டியதில்லை. இதனோடு சேர்த்துச் செய்தால் பலன் கூடும் என்று சொல்லப்படுவது இடைவிழிப்பு: படுத்து ஐந்து மணி நேரமானதும் எழுந்து, அரை மணியோ ஒரு மணியோ விழித்திருந்து, மறுபடி படுத்தல். கனவு மிகுந்த உறக்கம் சுமார் தொண்ணூறு நிமிஷத்துக்கொரு தரம் வந்து, விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போவதால் இது பலிக்கிறதாம். கடைச்சாமத்துக் கனவுக்கே முதல் மரியாதை தந்த கனா நூலாருக்கு இது எப்படித் தெரிந்தது என்று நான் வியக்கப் போவதில்லை. விடியலில் கண்ட கனவுதான் காலையில் நினைவிருக்கும் என்பதை அறியக் கருவி வேண்டியதில்லை.

இந்த இடைவிழிப்புக்காக மேல்நாட்டார் அலாரம் வைக்கிறார்கள். ஜூன் முதல் தேதி அணை திறந்துவிட்டால், பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக வயல்காரர்களில் எத்தனையோ பேருக்கு அது தானாக வாய்க்கிறது: ஒன்பது மணிக்குப் படுக்கை, இரண்டு மணிக்குத் தண்ணீர் முறை, மூன்றரைக்கு மறுபடி பாய். ஐந்து மணிக்குக் கேரளத்து ஏலத் தோட்டங்களுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு மலையேறும் ஜீப்புகள், தெருமுனையில் ஆரன் அடித்து, எப்பேர்ப்பட்ட கனவையும் கலைத்துவிடும். ஆக, சாதகனுக்கு மிஞ்சுவது ஒன்றரை மணி நேரம்.

அறுபத்திரண்டாம் நாள் அந்த ஒன்றரை மணி நேரத்தில் எனக்கு அது சித்தித்தது. நான் வாய்க்கால் கரையில் நிற்கிறேன். நிலவு இல்லை; ஆனாலும் நாற்றின் ஒவ்வொரு தாளும் தனித்தனியே தெரிகிறது. தண்ணீர் மேட்டு வயலிலிருந்து சத்தமில்லாமல் இறங்கி, என் காலைச் சுற்றிக்கொண்டு, நுரையும் சருகுமாகப் போகிறது. ஆனால் கால் நனையவில்லை. சந்தேகம் தட்டிற்று. மண்வெட்டியை இடக்கைக்கு மாற்றிக்கொண்டு வலக்கையை விரித்து எண்ணினேன். ஆறு. மறுபடி எண்ணினேன். ஏழு. கனவு என்று உரக்கச் சொன்னேன். குரல் என் குரலாகவே இருந்தது.

இந்தத் தருணத்தில் சாதகன் செய்ய வேண்டியது என்ன என்பதில் நூல்களுக்குள் ஏகமனது இருக்கிறது: பறக்க வேண்டும். மேகமலையைத் தாண்டி, சுருளியின் உச்சியில் சற்று நின்று, வேண்டுமானால் பாரிஸ் வரையிலும் போய்வரலாம், தடுப்பார் இல்லை. நான் கால் விரல்களை ஊன்றி எழும்பினேன். உடம்பும் ஒரு சாண் மேலே வந்தது. அப்போதுதான் என் முறை முடிய இன்னும் அரை மணி நேரமே இருக்கிறது என்பதும், கீழ்வயல் கால்வாசிகூட நனையவில்லை என்பதும் கண்ணில் பட்டன. கனவுத் தண்ணீர்தான், தெரியாமலில்லை. என்றாலும் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போது மடையை விட்டுவிட்டுப் பறந்து போகிறவனை இந்தப் பள்ளத்தாக்கில் மனிதன் என்று சொல்லமாட்டார்கள். இறங்கினேன். கீழ்மடையைத் திறந்துவிட்டு, ஏழு விரல் கையால் மண்வெட்டியைப் பிடித்து மண்ணை வெட்டிக்கொண்டே இருந்தேன். ஆரன் கேட்டது.

விழித்ததும் மனைவியிடம் எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்: ஹல் சர்வகலாசாலை, விரல் கணக்கு, ஒரு சாண் உயரம் முழுவதும். அடுப்பில் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். கேட்டு முடித்துவிட்டு, "அதெல்லாஞ் சரி. இந்தத் தடவையாச்சும் மடைய அடைச்சிட்டு வந்தீகளா?" என்றாள்.