இரண்டு தரம்

முப்பத்திரண்டு வருஷ காலம் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்ற ஒரு மனிதருக்கு மூன்று என்ற எண் வாயில் வராது என்றால் நம்புவீர்களா? ஐப்பசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையன்று, ஆராதனை முடிந்து ஆயர் ஆசீர்வாதம் கூறிய கால் மணி நேரத்துக்குள் வாருங்கள், பிரத்தியட்சமாகக் காணலாம். "ஒரு தரம்" என்பார். "ரெண்டு தரம்" என்பார். அதற்கப்பால் அவருக்கு உலகத்தில் எண்ணே கிடையாது.

ஊர்ப்பெயர் சொல்ல மாட்டேன். மருதாநதி அணைக்கும் அய்யம்பாளையத்துத் தென்னந்தோப்புகளுக்கும் நடுவில், பழனிமலையின் கீழ்மலை இறங்கிவந்து காலை நீட்டிக்கொண்டிருக்கும் இடத்தில், நாற்பது குடும்பங்கள் கொண்ட ஒரு சிறு சபை என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் தெரியாததால் உங்களுக்கு நஷ்டமில்லை. ஏலத்து வாத்தியார் இல்லாத சபை தென்னிந்தியத் திருச்சபையில் எங்குமே இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உங்கள் ஊரில் அவர் தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றிருப்பார்; அல்லது கூட்டுறவுச் சங்கத்துக் காரியதரிசியாக. எங்களவருக்குத் தோளில் துண்டும் இடது கையில் குடையும் வாயில் வத்தலக்குண்டு வெற்றிலையும் உண்டு. இவையெல்லாம் ஊருக்கு ஊர் மாறலாம். மாறாதது அந்த இரண்டாம் தரம்.

ஒரு மஞ்சள் பூசணிக்காயை எடுத்துக்கொள்வோம். அதை உபதேசியாரின் மகன் இரண்டு கையாலும் தூக்கிவந்து மேஜைமேல் வைக்கிறான். ஐம்பது ரூபாயில் கேள்வி தொடங்குகிறது; நூறு, நூற்றைம்பது, இருநூறு என்று மனிதர்கள் நியாயமாக ஏறுகிறார்கள். இருநூற்றைம்பதில் நிற்கிறது. சந்தை விலைக்கு அது இரண்டு மடங்கு. கேட்டவருடைய பக்திக்கும் பணப்பைக்கும் கௌரவமான இடம். "எரநூத்தம்பது ஒரு தரம்" என்று குரல் கணீரென்று வருகிறது. "எரநூத்தம்பது ரெண்டு தரம்" என்று வருகிறது. கேட்டவர் எழுந்து சட்டைப்பையில் கை விடுகிறார். அவர் மனைவி காயை எந்தச் சாக்கில் கட்டுவதென்று தேடுகிறாள். அந்த க்ஷணத்தில் வாத்தியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறார். துண்டின் நுனியால் ஒரு பக்கத்தைத் துடைத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, திருப்தியில்லாமல் மறுபடியும் துடைத்து, பிறகு மறு பக்கத்தையும் அவ்வாறே துடைத்து, நிதானமாக மாட்டிக்கொண்டு, அந்தப் பூசணிக்காயைத் தம் வாழ்நாளில் அப்போதுதான் முதன்முதலாகக் காண்பவர்போல் உற்று நோக்கி, "இது யாரு கொல்லையில காய்ச்சது, தெரியுமா?" என்று ஆரம்பிக்கிறார்.

போயிற்று. அந்தக் கொல்லையில் கிணறு வெட்டியவர் யார், அவர் எத்தனை அடியில் பாறை கண்டார், பாறைக்கு வேட்டு வைக்கச் சித்தையன்கோட்டையிலிருந்து வந்த ஆளுக்கு மத்தியான வேளையில் என்ன சோறு போட்டார்கள், அந்தக் குடும்பத்துப் பெண்ணைக் கட்டிக்கொடுத்த வருஷம் மருதாநதியில் எவ்வளவு தண்ணீர் போயிற்று என்று வம்சாவளி விரிந்துகொண்டே போகிறது. பூசணிக்கொடி மாதிரிதான், வேர் ஓரிடத்திலும் காய் வேறிடத்திலுமாக. கடைசியில் கொடி மூன்றாம் வரிசை நாற்காலியில் வந்து சுற்றிக்கொள்கிறது. "என்ன மாப்ளே, ஒங்க தாத்தா வெட்டுன கெணத்துத் தண்ணியில வெளைஞ்ச காயி. எரநூத்தம்பதுக்கு வெளியாளுக்குப் போகுது. போகட்டுமா?"

போகட்டும் என்று சொல்லக்கூடிய ஆண்மகன் எங்கள் சபையில் இன்னும் ஞானஸ்நானம் பெறவில்லை. முந்நூறு. உடனே முந்நூறு ஒரு தரம், முந்நூறு இரண்டு தரம். பிறகு அவருக்குத் தாகம் எடுக்கிறது. செம்பை அண்ணாந்து குடித்து முடிப்பதற்குள் கேள்வி முந்நூற்றைம்பதாகிவிடுகிறது.

இந்த வித்தையை அவர் எங்கே கற்றார் என்று நான் வெகுநாள் யோசித்ததுண்டு. வத்தலக்குண்டு எங்களுக்குச் சமீபம். அந்த ஊர்க்காரரான ராஜமையர் 1893-ஆம் வருஷத்தில் 'விவேக சிந்தாமணி'யில் 'கமலாம்பாள் சரித்திர'த்தை மாதா மாதம் எழுதி வாசகரைக் காக்கவைத்தவர். அந்தக் காற்று பட்டிருக்கலாம். ஆனால் ராஜமையர் கதையை 1895-இல் முடித்தார் என்பதை வாத்தியார் கவனிக்க வேண்டும்.

ஏலம் என்ற வார்த்தை தமிழே அல்ல, போர்ச்சுக்கீசியம் என்பார்கள். பாதிரி என்ற வார்த்தையும் அப்படித்தான். இரண்டும் ஒரே கப்பலில் வந்து இறங்கியிருப்பதால் கோயில் வளாகத்தில் அவை இவ்வளவு அந்நியோந்நியமாக இருப்பதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் கார்ன்வால் பிரதேசத்து ஹாக்கர் என்ற பாதிரியார்தாம் 1843-இல் தம் சிற்றூர்க் கோயிலில் அறுப்புக்கென்று ஒரு நன்றி ஆராதனை நடத்தி இந்தப் பண்டிகையின் இக்கால ரூபத்துக்கு வழிகாட்டியவர். புதுத் தானியத்து ரொட்டியையும் ஸ்தோத்திரத்தையும் வைத்துக்கொண்டு அந்தப் புண்ணியவான் திருப்தியடைந்துவிட்டார். கண்ணாடியைத் துடைக்கிற வேலை நம்மிடத்தில் சேர்ந்தது.

எங்கள் பக்கத்துச் சபைகள் மதுரை அமெரிக்க மிஷனின் வழியில் வந்தவை. 1834-இல் மதுரையில் காலூன்றி, வெயிலும் காய்ச்சலும் தாங்காமல் 1845-இல் கொடைக்கானலில் பங்களா கட்டிக்கொண்டு ஏறிய அந்த அமெரிக்கர்கள் அத்தியட்சர் என்ற பதவியை அறியாதவர்கள்; சபையார் கூடி முடிவெடுப்பதே அவர்கள் சம்பிரதாயம். 1947 செப்டம்பர் 27-ஆம் தேதி தென்னிந்தியத் திருச்சபை உண்டாகி, லெஸ்லி நியூபிகின் மதுரை இராமநாதபுரத்துக்கு முதல் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றபோது, சபையாரின் ராஜாங்கத்தில் பாதி அத்தியட்சர் கைக்குப் போயிற்று. மீதிப் பாதியை ஏலத்தன்று வாத்தியார் எடுத்துக்கொள்கிறார். ஆயர்கூட அன்று அவருக்குச் சாதாரணக் குடியானவர்தான். "ஐயரே, ஒங்க கேள்வி என்ன?" என்று மேஜையிலிருந்து அதட்டல் வரும், ஐயர் பிரசங்கத்தில் கொடுத்தலைப்பற்றி அப்போதுதான் முக்கால் மணி நேரம் பேசி முடித்திருப்பார், தப்ப முடியாது.

மலைப்பூண்டு வந்தால் இன்னும் அபாயம். மேல்மலையில் பூம்பாறையிலோ மன்னவனூரிலோ சம்பந்தம் செய்துகொண்ட குடும்பம் ஒன்று வருஷந்தோறும் இரண்டு கட்டுப் பூண்டு கொண்டுவரும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து, இரண்டாம் தரத்துக்குப் பின் அந்தச் சரித்திரத்தையும் அவர் முழுதாகச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. தாண்டிக்குடிப் பக்கத்து ஏலக்காய் வந்தால், "ஏலத்துக்கு ஏலம்" என்று வருஷத்துக்கு ஒருமுறை சொல்லும் ஹாஸ்யத்தைச் சொல்லிவிட்டு, நாங்கள் சிரித்து முடிக்கும்வரையில் காத்திருப்பார். சிரிக்காவிட்டால் மறுபடி சொல்வார். ஆகையால் சிரித்துவிடுகிறோம்.

இதற்குள் மணி இரண்டாகியிருக்கும். சமையல் பந்தலிலிருந்து கறிக்குழம்பின் வாசனை எழுந்து பொறுமையாக எங்களைச் சுற்றிவரும். கடைசிப் பொருள் விலைபோன பிறகே பந்தி என்பது சபையின் ஏற்பாடு. வாசனை ஏறஏறக் கேள்வியும் ஏறும் என்பதை அவர் அறிவார். குழந்தைகள் அழும். மேகம் மலையிலிருந்து இறங்கும். ஐப்பசி மழையாயிற்றே, ஷாமியானாத் துணியின் நடுவில் தண்ணீர் தொப்பையாகத் தேங்கி நிற்கும். அப்படியானால் ஏலம் எப்படித்தான் முடிகிறது என்று கேட்பீர்கள். மூன்றாம் தரத்தை வாத்தியார் சொல்வதில்லை. பக்கத்தில் நோட்டுப் போட்டு எழுதும் பொருளாளர் அலுத்துப்போய், பேனாவை மூடும்போது, தமக்குத் தாமே "மூணு" என்று முணுமுணுக்கிறார். சட்டப்படி எங்கள் சபையின் வருமானமெல்லாம் அந்த முணுமுணுப்பின்மேல் நிற்கிறது.

அந்த நோட்டு ஒரு தனிப் புராணம். பாதிப் பேர் பணம் கொண்டுவருவதில்லை. கார்த்திகையில் காப்பிப் பழம் இறங்கட்டும் என்பார்கள், தேங்காய் போடட்டும் என்பார்கள். வாத்தியார் திங்கட்கிழமை காலையில் குடையோடு புறப்பட்டு வீடு வீடாக ஏறி இறங்குவார். அடுத்த பண்டிகைக்குள் வசூலித்தும் விடுவார். ஒரு காசு தமக்கென்று தொட்டவரல்ல. போன வருஷம் கோயில் கூரைக்கு ஓடு மாற்றியதும், பெண்கள் ஐக்கிய சங்கத்தாரின் பிடியரிசிப் பணத்தோடு சேர்த்து மணிக்கூண்டுக்குச் சுண்ணாம்பு அடித்ததும் இந்த இரண்டாம் தரத்தின் உபயம்தான். எழுபது வயதைத் தாண்டியவர் பத்து மணியிலிருந்து மூன்று மணிவரை உட்காராமல் நிற்கிறார். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை.

ஆனாலும் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். மலைக் காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிற ஒரு விதவை, கொட்டாங்கச்சியில் வைக்கோல் பரப்பி ஐந்து நாட்டுக்கோழி முட்டை கொண்டுவந்திருந்தாள். தான் கொண்டுவந்ததைத் தானே கேட்டு எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். அவள் ஐம்பது என்றாள். பின்னாலிருந்து யாரோ வேடிக்கைக்கு அறுபது என்றார்கள். அவள் எழுபது என்றாள். எழுபது இரண்டு தரம் என்று சொல்லிவிட்டு வாத்தியார் நிறுத்தினார். காலஞ்சென்ற அவள் புருஷன் எவ்வளவு பக்திமான் என்று பேசத் தொடங்கினார். "என்ன தாயி, அவரு இருந்தா எழுபதோட நிறுத்துவாரா?" அவள் நிறுத்தவில்லை. இருநூற்றுப் பத்துக்கு வந்து, முந்தானை முடிச்சை அவிழ்த்து மடித்த நோட்டுகளை எண்ணினாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவளுடைய கூலி. கணக்கு வாத்தியாருக்கு அந்தக் கணக்குத் தெரியாதா? பந்தியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். "அந்தம்மா சந்தோஷமாத்தான்ப்பா குடுத்துச்சு" என்றார். இருக்கலாம். சபைக்கு முன்னால் முடியாது என்று சொல்ல அவளுக்கு வாய் எங்கே இருந்தது என்று நான் கேட்டேன்; அவர் ரசம் கேட்டார். எழுபதிலேயே அவர் மூன்று என்று சொல்லியிருக்க வேண்டும். இன்றைக்கும் அதையே சொல்கிறேன்.

அவருக்கு அந்த எண் தெரியாமலில்லை. ஏலத்தின் கடைசியில், ஒருவரும் கேட்காத பொருள் ஒன்று மேஜையில் மிஞ்சும். வாடிப்போன தண்டுக்கீரைக் கட்டோ, அழுகத் தொடங்கிய சீதாப்பழமோ. கொண்டுவந்த ஏழை வீட்டுக் கிழவி தலை குனிந்து உட்கார்ந்திருப்பாள். அப்போது வாத்தியார் தம் பைக்குள் கை விட்டு, நூறு ரூபாய் நோட்டை எடுத்து மேஜைமேல் வைத்து, "நூறு, ஒருதரம்ரெண்டுதரம்மூணுதரம்" என்று ஒரே மூச்சில், யாரும் குறுக்கே கேட்க இடமில்லாதபடி முடித்துவிட்டுக் கீரைக்கட்டைக் குடைக்குள் போட்டுக்கொண்டு சாப்பிடப் போவார். இருபது வருஷமாக இப்படித்தான். இந்த மனிதரை என்ன செய்வது?

அந்த மூன்றாம் வரிசை மாப்பிள்ளை யார் என்பதை நீங்கள் இதற்குள் ஊகித்திருப்பீர்கள். கிணறு வெட்டியவர் என் தாத்தா. பூசணிக்காய் என் வீட்டுக் கொல்லையில் காய்த்து, அன்று காலை என் கையாலேயே காணிக்கையாகக் கொண்டுபோய் வைத்தது. மாலையில் ஆயிரத்து நூற்றைம்பது ரூபாய்க்கு நானே அதைத் திருப்பிக் கொண்டுவந்தேன். என் மனைவி அதைச் சமைக்க மறுக்கிறாள். அவ்வளவு பணம் கொடுத்த பொருளைக் குழம்பில் போட்டு அழிக்க அவளுக்கு மனம் வரவில்லையாம். வாசல் திண்ணையில் இருக்கிறது. எட்டுக் கிலோ, காம்பு கெட்டியாக இருக்கிறது, தை மாதம்வரை தாங்கும். வேண்டுவோர் பகல் வேளையில் வரலாம். கொடுப்பதைக் கொடுத்துவிட்டு எடுத்துப்போகலாம். தாத்தாவைப்பற்றி ஒன்றும் கேட்க மாட்டேன்.